ஊர்க்கோயிலின் வரலாற்றை எழுதுவது எப்படி? தமிழகத்தின் பழைய கிராமத் தேவாலயங்களை ஆவணப்படுத்த ஒரு வழிகாட்டி

தமிழகத்துக் கிராமங்களில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கும் தேவாலயங்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது நூற்றாண்டு விழாவுக்கு அச்சிட்ட மலர். அதைப் புரட்டினால் அடிக்கல் நாட்டியவர், பிரதிஷ்டை செய்த ஆயர், அடுத்தடுத்துப் பணியாற்றிய குருக்கள் ஆகியோரின் பெயர்களும் படங்களும் வரிசையாகக் கிடைக்கும். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பனையேறிச் சேர்த்த காசில் காணிக்கை போட்டவர்கள், ஓலைக் கொட்டகையில் முதன்முதலாக எழுத்துப் படித்த பெண்கள் ஆகியோரை அதில் தேடினாலும் காண முடியாது. பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேகமும், இடிக்காவிட்டாலும் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டும் ஆர்வமும் எல்லா ஊர்களிலும் பெருகியிருப்பதால், மலரில் இடம்பெறாத அந்த வரலாற்றைச் சேகரிக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவரோ, ஆர்வமுள்ள ஆசிரியரோ, கல்லூரி மாணவர் சிலரோ ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைப்பேசி, ஓர் அளவுநாடா ஆகியவற்றைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியும். அதற்கான முறையே இங்குச் சொல்லப்படுகிறது.

முதலில் அனுமதி. தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலானால் சேகரகுருவிடமும் சேகரக் கமிட்டியிடமும், கத்தோலிக்கக் கோயிலானால் பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிடமும், எதைப் பார்க்கப் போகிறீர்கள், எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், எடுத்ததை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதிக் கடிதமாகக் கொடுங்கள். வாய்மொழி அனுமதி, குரு மாற்றலாகிப் போனதும் அவரோடு போய்விடும். கோயில்பிள்ளையையும் (கோயிலைப் பராமரிக்கும் ஊழியர்) உபதேசியாரையும் (குருவுக்குத் துணையாக மறைக்கல்வி கற்பிப்பவர்) தனியே சந்தித்துப் பேசுவது நல்லது, ஏனெனில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று குருவைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து, அந்தக் கோயில் எந்த மிஷனின் வழி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் தேடத் தொடங்கினால் எந்த மொழியில், எந்த நாட்டில் ஆவணங்கள் இருக்கின்றன என்பதே விளங்காது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடலோரத்துக் கோயில்கள் போர்த்துக்கீசியர் காலத்தவை. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்திறங்கிய கரையில், மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் 1581-இல் எழுந்தது. உள்நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றுக்கு மூலம் சேசு சபையின் மதுரை மிஷன். 1693-இல் சேசு சபைக் குரு அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூரும், வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்ததிலிருந்து லுத்தரன் மரபு தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தின் ஊர்கள். முதலூர், இடையன்குடி, நாசரேத் ஆகியவை எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) சங்கத்தைச் சேர்ந்தவை. மிஷனரி ரிங்கல்தௌபே பணியாற்றிய மயிலாடி எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி) வழி வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சங்கங்களின் சபைகளில் பெரும்பாலானவை ஒன்றானாலும், பழைய காகிதங்கள் இன்றும் அந்தந்தச் சங்கத்தின் தொகுப்பாகத் தனித்தனியாகவே இருக்கின்றன.

கட்டடத்தைப் படிக்கும் முறை

கோயில் எப்போது கட்டப்பட்டது என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்க்க வேண்டாம். கால்டுவெல்லின் இடையன்குடிப் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது பிரதிஷ்டையானது 1880-இல். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் அந்தக் கோயிலின் வரலாறுதான். பணம் எப்போது நின்றது, எந்த ஆண்டு மழை பொய்த்தது, கொத்தர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பவையெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களில் முதலில் ஓலைக் கொட்டகை, பிறகு மண்சுவரும் ஓடும், அதன்பின் கல்லும் காரையுமான கட்டடம் என்று குறைந்தது மூன்று கட்டங்கள் உண்டு. இன்று நிற்பது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது, அதற்கு முந்தியவை எந்த இடத்தில் நின்றன என்பதைத் தனித்தனியாகக் குறியுங்கள்.

வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். நான்கு முகப்புகளையும் நேராக நின்று படமெடுத்து, நீள அகலங்களை அளந்து, கைப்படமாக ஒரு தரைப்படம் போடுங்கள். கோணல் மாணலாக இருந்தாலும் பாதகமில்லை, அளவுகள் சரியாக இருந்தால் போதும். பிறகு சுவரின் அருகே செல்லுங்கள். பழைய சுவர்களில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையால் ஆனவை. ஆற்று மணலும் சுட்ட சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டிப் பாகும் விட்டுப் புளிக்க வைத்த கலவை அது. இத்தகைய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்வாங்கி, மெல்ல வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சு உப்பிப் பாளம் பாளமாக உதிரும். உங்கள் ஊர்க் கோயிலில் சுவரின் அடிப்பகுதி மட்டும் மீண்டும் மீண்டும் பெயர்ந்து, ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் பூசப்படுகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கும். பூச்சு உதிர்ந்த இடம் ஆய்வாளருக்கு நல்ல வாய்ப்பும்கூட, ஏனெனில் அதற்குள்ளே செங்கல்லா, கருங்கல்லா, கடலோரமானால் பவளப் பாறையா என்பதை எதையும் சுரண்டாமலே பார்த்துவிடலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்று மொட்டையாக நிற்கும் தேவாலயச் சுவர்கள் பவளப் பாறையால் கட்டப்பட்டவை என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கூரை ஓட்டினால் ஆனதாக இருந்தால், பழுதுபார்க்கும் நாளில் போய் நில்லுங்கள். இறக்கி வைத்த ஓட்டைப் புரட்டினால் உற்பத்தி செய்தவரின் பெயர் முத்திரையாக அழுந்தியிருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-இல். ஆகவே அந்த முத்திரையுள்ள ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியதால், அந்தப் பெயர் கொண்ட ஓடு இன்னும் பிந்தியது. ஓடு சொல்வது கூரையின் வயதைத்தான், சுவரின் வயதை அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மணியில் வார்க்கப்பட்ட ஆண்டுக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் கோயில் கட்டிப் பல ஆண்டுகள் கழித்து அன்பளிப்பாக வந்த மணிகள் ஏராளம். மணிக்கூண்டு ஏறுவதற்கு முன் படிகளின் மரம் உளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பீடத்தைப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு கத்தோலிக்கக் குரு மக்களுக்கு முதுகு காட்டி, சுவரை ஒட்டிய பீடத்தில் இலத்தீனில் பூசை செய்தார். பின்னர் மக்களை நோக்கிய பீடம் வந்தபோது, மரத்திலும் சுதையிலும் செய்த பழைய பீடங்கள் பல ஊர்களில் அகற்றப்பட்டன. சிலவற்றின் துண்டுகள் சாக்ரீஸ்தியின் (குரு திருவுடை அணியும் அறை) மூலையிலோ, குருசடியிலோ (சிலுவை நாட்டிய சிற்றாலயம்), ஏதோ ஒரு வீட்டின் முன்றிலிலோ கிடக்கக்கூடும். தரைக்கும் தனிக் கவனம் தேவை. பீடத்தை ஒட்டிய தரையில் குருக்களின் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கலாம். புதிய டைல்ஸ் ஒட்டும்போது முதலில் மறைந்துபோவது அவைதான்.

எந்தக் கட்டடக்கலை என்ற கேள்விக்கு ‘கோதிக்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வைகைக் கரையில் 1894-இல் எழுந்த இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயம் பிரான்சின் ரேம்ஸ் பேராலயத்தைப் பின்பற்றிக் கட்டப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் கூர்வளைவுச் சன்னலுக்கு முன்னே கொடிமரம் நிற்பதையும், தேர்க்கொட்டகை இருப்பதையும், தூணின் அடியில் நம் தச்சர் செதுக்கிய தாமரை இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எந்த ஊர்க் கோயில் என்பது தெரியும். திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியிலேயே எழுப்பப்பட்டது. ஆகவே பெயர் சூட்டுவதை விட்டுவிட்டு, கண்ணில் படுவதை உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்.

கல்வெட்டும் கல்லறைத் தோட்டமும்

எழுத்துத் தேய்ந்த கல்லைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்ப்பவர்கள் அந்தக் கல்லின் கடைசி வாசகர்கள் ஆகிவிடுகிறார்கள். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவதும் கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, தேவையானால் வெறும் தண்ணீர் தெளித்து, காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படமெடுத்தால் போதும். வெயில் படாத இடமானால் டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், தளத்தை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். நேராகப் பார்த்தபோது வெறுங்கல்லாகத் தெரிந்ததில் வரிவரியாக நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வரும்.

ஆண்டைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1847 என்பது ௧௮௪௭ என்றும் இருக்கலாம், பழைய முறையில் ௲௮௱௪௰௭ என்றும் இருக்கலாம். அருகே ௵ என்ற குறி இருந்தால் அது வருடம், ௴ மாதம், ௳ நாள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் கேரள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு பெருவழக்காக இருந்தது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, ஆங்கில வருடம் முடியும்வரை 824-ஐயும், சனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1022 ஐப்பசி என்றால் 1846, அதே ஆண்டின் பங்குனி என்றால் 1847. ‘பார்த்திப வருடம்’ என்பதுபோல அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருந்தால் அது 1825-ஆகவும் இருக்கலாம், 1885-ஆகவும் இருக்கலாம். வேறு சான்று கிடைக்கும்வரை இரண்டையும் எழுதி வையுங்கள்.

எழுத்தின் வடிவமும் சாட்சி சொல்லும். புள்ளியில்லாத மெய்யெழுத்துகளும், ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் இல்லாமையும் பழமையைக் காட்டலாம். அதைவிட அடிக்கடி உதவுவது 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணை. 1870-இல் நாட்டப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பலகையில் ‘லை’, ‘ணை’, ‘னா’ போன்றவை இன்றைய வடிவில் இருந்தால், அது 1978-க்குப் பிறகு மாற்றி வைத்த பலகை என்பது பெரும்பாலும் உறுதி. அதில் உள்ள செய்தி தவறு என்று இதற்குப் பொருளில்லை. மூலக்கல் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களின் பளிங்குக் கல்லறைகளோடு நின்றுவிடாதீர்கள். அவர்களைப் பற்றிய அச்சுப் பட்டியல்கள் ஆங்கிலேயர் காலத்திலேயே வந்துவிட்டன. ஊர்க்காரர்களின் கல்லறைகளைத்தான் எவரும் எழுதவில்லை. ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில் குழந்தைகளின் கல்லறைகள் கொத்தாக இருந்தால் காலராவையோ பெரியம்மையையோ நினைத்துப் பாருங்கள். தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்திருந்தால், அல்லது இரண்டு தோட்டங்கள் இருந்தால், அதையும் தரைப்படத்தில் குறியுங்கள்.

பதிவேடுகள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளே கிராமக் கோயிலின் பெருஞ்செல்வம். அரசின் பிறப்பு இறப்புப் பதிவு கிராமங்களில் ஒழுங்காக நடக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, பனையேறியின் மகளும் மீனவரின் மகனும் பெயரோடும் தேதியோடும் எழுதப்பட்டது இந்தப் பக்கங்களில்தான். கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருப்பதால், வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ் ஆகவும், சின்னப்பன் பவுலுஸ் ஆகவும், அருளப்பன் யோவான்னெஸ் ஆகவும், சூசை யோசேபுஸ் ஆகவும் நிற்பார்கள். இது தெரியாமல் தன் பூட்டனின் பெயரே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

ஒவ்வொரு பதிவிலும் குழந்தையின் பெயரைவிட மற்றக் கட்டங்களை உற்றுப் பாருங்கள். பெற்றோரின் ஊர், தொழில், சாதி, ஞானப்பெற்றோர் யார் என்பவை ஓர் ஊரின் உறவுவலையையே காட்டும். ஞானப்பெற்றோர் பெயர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தன, எந்தத் தெருவிலிருந்து வரவேயில்லை என்று பட்டியலிட்டால், எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கதி தானே வெளிவரும். ஆண்டுவாரியாக ஞானஸ்நானங்களை எண்ணிப் பார்ப்பதும் பயன் தரும். 1876–78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்த வேகம் எண்களிலேயே தெரியும்.

பதிவேட்டில் இடைவெளி இருந்தால் கறையான் தின்றது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, மதுரை மிஷனுக்கு 1830களின் இறுதியில்தான் திரும்பி வந்தது. இடைக்காலத்தில் கோவாக் குருக்களும் பிரெஞ்சு மிஷன் குருக்களும் பொறுப்பில் இருந்தார்கள். எனவே அந்த ஆண்டுகளின் ஏடு வேறு பங்கில் இருக்கக்கூடும். சில ஊர்களில் கத்தோலிக்கருக்கே இரண்டு கோயில்கள் இருப்பதற்கும், போர்த்துக்கீசிய ஆதரவு பெற்ற கோவா மிஷனுக்கும் ரோமின் நேரடிப் பொறுப்பில் இருந்த ரோமை மிஷனுக்கும் இடையே நடந்த பூசல் காரணமாக இருக்கலாம்.

ஏடுகளைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டாம். சன்னலருகே மேசையில் வைத்து, முதுகை முழுதாக மடக்காமல், பிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, பக்க எண் வரிசையிலேயே கோப்புகளுக்குப் பெயரிடுங்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பதிவுகளையும், தத்து, முறைகேடான பிறப்பு என்று குறிக்கப்பட்டவற்றையும் வெளியிடக் கூடாது.

ஊரில் கிடைக்காதவற்றுக்கு வெளியே தேடலாம். சேசு சபையின் மதுரை மாநிலக் காப்பகம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தில் உள்ளன. சி.எம்.எஸ். தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்போர்டிலும், எல்.எம்.எஸ். தாள்கள் லண்டனிலும் பாதுகாக்கப்படுகின்றன. மிஷனரிமார் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் பயனுள்ளவை என்றாலும், அவை பணம் கொடுக்கும் தலைமைக்கு எழுதப்பட்டவை என்பதை நினைவில் கொண்டே படிக்க வேண்டும்.

ஊர்ப் பேச்சு

முதியவர்களிடம் ‘கோயில் எப்போது கட்டினார்கள்?’ என்று கேட்டால் மலரில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். ‘உங்கள் கலியாணத்தின்போது பொம்பளையாட்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், பெஞ்சு உண்டா, பாயா, மணி யார் அடித்தது?’ என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கு 1964 புயல், 1992 தாமிரபரணி வெள்ளம், 2004 சுனாமி ஆகியவை நல்ல அடையாளக் கற்கள். அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

கட்டடத்தைவிட வேகமாக அழிந்துகொண்டிருப்பவை பாட்டும் கூத்தும். தவசு காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) ஒப்பாரி மெட்டில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம், ஞானசவுந்தரி, எஸ்தாக்கியார் வாசாப்புகள் (கிறிஸ்தவக் கூத்து நாடகங்கள்), தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ஊர் ஊராக மாற்றிப் பாடும் மெட்டுகள் ஆகியவற்றை முழுநீளமாக ஒலிப்பதிவு செய்யுங்கள், நாடகப் பிரதி கையெழுத்தில் இருந்தால் படமெடுங்கள். திருநெல்வேலி ஊர்களின் அசனம் (கோயில் விழாவில் ஊரே சேர்ந்து உண்ணும் விருந்து) பற்றி எழுதுவதானால் ‘சமபந்தி விருந்து’ என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், அரிசி எந்த வீடுகளிலிருந்து வருகிறது, அடுப்பில் நிற்பவர் யார், காய் நறுக்குபவர் யார், பந்தியில் முதலில் அமர்பவர் யார், முன்பு எப்படியிருந்தது என்பதையெல்லாம் கேளுங்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின்மேல் வீரமாமுனிவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம் அச்சில் நிலைத்துவிட்டது. பெயர் தெரியாத உபதேசியார் கட்டிய சப்பரப் பாட்டு அவருடைய பேத்தியின் தொண்டையில் மட்டுமே இருக்கும்.

கசப்பானவற்றையும் கேட்க வேண்டும். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதியாரைப் பிரித்து உட்காரவைக்கும் வகையில் நடுவே சுவர் வைத்து இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. அந்தச் சுவர் 1910-இல் அகற்றப்பட்டபோது எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். தென்திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின்போது 1858–59-இல் ஜெபவீடுகளும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. ஓரிடத்தில் ஒடுக்குமுறைக்கு எதிரான அரணாகவும் இன்னோரிடத்தில் அதன் கருவியாகவும் தேவாலயம் இருந்திருக்கிறது, சில ஊர்களில் ஒரே கோயில் இரண்டாகவும் இருந்திருக்கிறது. இதைத் தவிர்த்து எழுதினால் கிடைப்பது இன்னொரு மலர்தான். இவற்றைச் சொல்பவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டால் அப்படியே செய்யுங்கள்.

எழுதும்போதும் எழுதிய பின்பும்

ஆவணம் சொல்வது, கட்டடம் காட்டுவது, ஊர் சொல்வது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த இடத்திலேயே குறித்து எழுதுங்கள். சவேரியார் வந்து தங்கினார் என்று சொல்லாத கடலோர ஊர் குறைவு. அப்படிச் சொல்லப்படுகிறது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி, அதை அப்படியே எழுதினால் போதும், உறுதி செய்யவும் வேண்டாம் மறுக்கவும் வேண்டாம். ஊர்ப் பெயரையும் விட்டுவிடாதீர்கள். கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரால் டோனாவூரும், நிலம் வாங்கித் தந்த சாயரின் பெயரால் சாயர்புரமும் அமைந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய ஊரில் வாழ முடியாமல் தனிக் குடியிருப்பாகப் பெயர்ந்த வரலாறு, 1799-இல் உருவான முதலூர் தொடங்கி, இத்தகைய பெயர்களில் பதிந்திருக்கிறது.

முடித்த ஆவணத்தை மூன்று படிகளாக எடுத்து ஒன்றைக் கோயிலிலும், ஒன்றைத் திருமண்டல அல்லது மறைமாவட்ட அலுவலகத்திலும், ஒன்றை ஊருக்கு வெளியே ஏதேனும் ஒரு கல்லூரி நூலகத்திலும் கொடுங்கள். படங்களும் ஒலிப்பதிவுகளும் அடங்கிய வன்தட்டு ஒன்று தனியே இருக்கட்டும். தேவாலயங்களைப் பழுதுபார்க்க மாநில அரசு வழங்கும் மானியத்துக்குக் கட்டடத்தின் வயது கணக்கில் கொள்ளப்படுவதால், கமிட்டி விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் அளவுகளும் படங்களும் உடனடியாகப் பயன்படும். அந்தக் கூட்டத்தில், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே வேண்டும் என்பதையும், தரையில் கைவைப்பதற்கு முன் கல்லறைப் பலகைகள் இருக்கும் இடங்களைத் தரைப்படத்தில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும் வேலைப் பட்டியலோடு அந்தத் தரைப்படத்தின் நகலையும் இணையுங்கள்.